மூன்று லீக்ஸும் ஒரு மன்னிப்பும்

ஹெதர்லா என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜோண்டி ஹாலிமண்ட் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘ரெண்டாவது ஜோண்டி’ என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். முதலாவது ஜோண்டி என்று எவனும் இருந்ததில்லை. செப்டம்பரில் தொழிலாளர் கிளப்பில் நடக்கும் லீக்ஸ் போட்டியில் வருஷம் தவறாமல் இரண்டாம் பரிசு வாங்கியே சேர்த்த பெயர் அது. அவன் மனைவி தேர்சாவின் வீடு முழுக்க இரண்டாம் பரிசுச் சாமான்கள்தான். சுவர்க் கடிகாரங்கள் மட்டும் நாலு. நாலும் ஒருநாளும் ஒரே மணி சொன்னதில்லை.

லீக்ஸ் என்றால் காய்கறிக் கடையில் வெங்காயத்தாளுக்குப் பெரியண்ணன்போல் படுத்துக் கிடக்குமே, அது இல்லை. இங்கிலாந்தின் இந்த டர்ஹம் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் வளர்க்கும் லீக்ஸ் குட்டை, தடி, வெள்ளை. பயில்வான் தொடை மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு லீக்ஸைப் பிடுங்க சுரங்கக் குதிரையைக் கட்டி இழுத்தார்களாம், குதிரைதான் உட்கார்ந்துவிட்டதாம். அந்த லீக்ஸைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குதிரைதான் இல்லை. என்ன உரம் போடுகிறோம் என்பதை அங்கே எவனும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டான். பீர் ஊற்றுகிறவன் உண்டு, துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர் விடுகிறவன் உண்டு. ஒருவன் மாமியாரின் அஸ்தியைப் போட்டான், அந்த வருஷம் ஊருக்கு ஊற்றிய சூப் கசந்தது என்று ஒரு பேச்சும் உண்டு.

முதல் பரிசு வாங்குகிறவன் செப் ரெயின். ஜோண்டியும் செப்பும் பதினாலு வயதில் ஒன்றாகச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். ஒரே சுவரில் கரி வெட்டி, ஒரே டப்பாவில் ரொட்டி தின்றவர்கள். ஒரு காலத்தில் ஒரே தாய்ச்செடியின் நாற்றை ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டு, பின்சந்துக்கு அப்பால் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் நட்டார்கள். ஒரே ரத்தம், ஒரே மழை. ஆனால் செப்புடையது எப்போதும் ஒரு விரல்கடை கூடுதல். செப் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த நேரமெல்லாம் லீக்ஸுக்குப் போகிறது என்று ஊர் சொல்லும்.

“ஒரு தடவ. ஒரே ஒரு தடவ அந்த முதல் பரிசுச் சிவப்பு அட்டையில என் பேரு,” என்பான் ஜோண்டி. “அப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல.”

“நீ செத்தாலும் ரெண்டாவதாத்தான் சாவ,” என்பான் செப். இருவரும் சிரிப்பார்கள்.

அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு நெஞ்சுக்குள் சேர்ந்த கரித்தூசி தன் வேலையைக் காட்டியது. ஜோண்டி முதலில் மேட்டில் நடக்க முடியாதவனானான், பிறகு மாடிப்படி. அந்த ஜூலையில் படுக்கையோடு படுக்கையானான். மாடியில் பின்னறை ஜன்னல் ஓரமாகக் கட்டிலை இழுத்துப் போடச் சொன்னான். அங்கிருந்து பார்த்தால் பின்சந்து, தோட்டங்கள், அவனுடைய பாத்தி எல்லாம் தெரியும். ஜன்னலிலிருந்து அவன் கைத்தடியால் தட்டித் தட்டி உத்தரவு போட, கீழே தேர்சா மண் அணைத்தாள், தண்ணீர் விட்டாள், புழு பொறுக்கினாள். டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, இலை உதிர்கிறவரை இருந்தால் அதிகம் என்று சொல்லியிருந்தார். ஜோண்டியிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

“இந்த வருஷம் வரும் புள்ள,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். “இங்கேருந்து பாத்தாலே தெரியுது. செப்போடதைவிட நம்மது பெருசு.”

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், ஜோண்டி மருந்து மயக்கத்தில் தூங்கும் நேரம், தேர்சா குனிந்து நடு லீக்ஸின் இலையை விலக்கினாள். நாற்றம் அடித்தது. விரலை வைத்தாள், விரல் உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே. வெளியே பச்சைப் பசேல் என்று நின்றாலும் உள்ளே குழகுழவென்று அழுகிக் கிடந்தது. அவள் பாத்தி நடுவிலேயே உட்கார்ந்து, ஏப்ரன் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

வேலிக்கு அப்பால் செப் நின்றிருந்தான்.

“என்ன தேர்சா? ஜோண்டிக்கா?”

“அவனுக்கு இல்ல. ஆனா அவன்கிட்ட இத நான் எப்படிச் சொல்லுவேன்?”

செப் வேலி தாண்டி வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவதுபோலத்தான் கழற்றினான். பிறகு, “போட்டிக்கு மூணுதானே வைக்கணும். என்னோடதுல நல்லதா மூணு இருக்கு,” என்றான்.

“என்ன சொல்ற நீ?”

“அதுவும் இதே தாய்ச்செடி வழிதானே. கூடப்பிறந்ததுங்க. வேரு மண்ணோட எடுத்து இங்க வெச்சிடலாம். எவனுக்குத் தெரியப்போவுது?”

“உனக்கு?”

“எனக்கு வீட்டுல சுவத்துல எடமே இல்ல தேர்சா. அத்தன சிவப்பு அட்ட.”

விளையாட்டுக் காரியம் இல்லை அது. கிளப் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த விதிகளில் கடைசி விதி: பிறர் வளர்த்த லீக்ஸைத் தன்னுடையது என்று வைப்பவரும், அதற்குக் கன்னைவ் செய்பவரும் ஆயுளுக்கும் நீக்கப்படுவர். கன்னைவ் என்பது ஆங்கிலத்தில் ஒரு பொல்லாத வினைச்சொல். மறைவில் கூடிக் குசுகுசுத்துச் சூழ்ச்சி செய்தாலும் அதுதான். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன்போல் கண்ணை மூடிக்கொண்டாலும் அதுதான். செய்தவனையும் சும்மா இருந்தவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிடும். ஊர்ப் பெண்கள் அந்தச் சொல்லைப் பூனைக்கும் மருமகளுக்கும் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கு அது லீக்ஸ் சட்டம். அந்தச் சட்டத்தில் அகப்பட்டவனோடு ஊரில் யாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பீர் குடிக்கமாட்டார்கள்.

ஆகவே எல்லாம் மறைவாக நடந்தது. பாத்தியைச் சுற்றி முதலில், மாடி ஜன்னலுக்கும் மறைக்கிற உயரத்தில், சாக்குப் படுதா கட்டினார்கள். காற்றுக்கு மறைப்பு என்று எல்லோரும் கட்டுவதுதான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பிற்பகல், ஜோண்டிக்கு மருந்து கொடுத்துவிட்டு, அவன் கண் மூடும்வரை நின்று பார்த்துவிட்டுத் தேர்சா இறங்கினாள். செப் தன் லீக்ஸை வேரோடும் மண்ணோடும் பெயர்த்து, சுரங்கக்காரன் குளிக்கும் தகரத்தொட்டியில் வைத்து, மேலே போர்வை மூடி, கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான். தள்ளுகிறபோதே பக்கத்து வீட்டு ஹெட்டி நாட்ரஸ் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“என்ன செப், பொணமா?”

“பன்னி.”

“பன்னின்னா ஏன் போத்திவிட்டிருக்க?”

“அதுக்கு வெக்கம். உன்ன மாதிரி எல்லாரும் சுவத்துமேல ஏறிப் பாத்தா?”

ஹெட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். இருவரும் படுதாவுக்குள் நுழைந்து, முழங்காலிட்டு, அழுகியதை எடுத்துப் புதைத்து, புதியதை நட்டார்கள். மண்ணைக் கையால் அழுத்தி, இலைகளை ஈரத் துணியால் துடைத்தார்கள். ‘பன்னி’ ஞாபகம் வந்து தேர்சாவுக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. செப்புக்கும் வந்தது. எத்தனையோ மாதமாய் அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து அந்தச் சிரிப்பில் வெளியேற, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் வெளியே வந்தபோது கொண்டை அவிழ்ந்திருந்தது.

மாடிக்குப் போனாள். ஜோண்டி விழித்திருந்தான்.

“முழங்கால்ல என்ன மண்ணு?”

“களை எடுத்தேன்.”

“செப்பு வந்தானா?”

“செப்பா? வரலியே. ஏன்?”

“ஒண்ணுமில்ல,” என்றான் ஜோண்டி. சுவர்ப்பக்கமாய்த் திரும்பிப் படுத்தான்.

வலி போலிருக்கிறது என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில், கிளப் செயலாளர் ட்வெடில் முத்திரை குத்த வந்தார். போட்டிக்கு வைக்கப்போகும் லீக்ஸ் ஒவ்வொன்றிலும், அது நிற்கிற தோட்டத்திலேயே, கிளப் முத்திரை விழவேண்டும். வேறெங்கோ வாங்கி வந்து வைத்துவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ட்வெடில் அந்த ஊரின் ஒவ்வொரு லீக்ஸையும் பிறந்ததிலிருந்து அறிந்தவர். படுதாவை விலக்கினார். குனிந்தார். புதிதாய்க் கிளறிய மண்ணைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் செப்பின் பாத்தியில் திடீரென்று இடம் காலியாய்க் கிடப்பதைப் பார்த்தார். நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஜோண்டி கையை உயர்த்தி ஆட்டினான்.

ட்வெடில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“கண்ணாடி இல்லன்னா எனக்கு ஒண்ணுமே தெரியாது தேர்சா. முத்திரை எங்க குத்தணும்னு நீயே என் கையப் பிடிச்சு வை.”

வைத்தாள். மூன்று லீக்ஸிலும் முத்திரை விழுந்தது.

போட்டி நாளன்று ஜோண்டியை நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கிளப் மண்டபத்தில் கருப்புத் துணி விரித்த நீள மேசையில், வெள்ளைவெளேரென்று கழுவி, இலைகளை நாடாவால் கட்டி, லீக்ஸ் மும்மூன்றாய் நின்றன. அளவு நாடா, கணக்கு, முணுமுணுப்பு எல்லாம் முடிந்ததும் ட்வெடில் சிவப்பு அட்டையை எடுத்து ஜோண்டியின் லீக்ஸ்மேல் சாய்த்து வைத்தார். அடுத்த தரத்து லீக்ஸை வைத்திருந்த செப்புக்கு நீல அட்டை.

“ரெண்டாவது செப்பு!” என்று யாரோ கத்த, மண்டபமே குலுங்கியது. செப் எழுந்து நின்று சலாம் போட்டான்.

ஜோண்டி கத்தவில்லை. கையை நீட்டி நடு லீக்ஸின் தலையைத் தடவினான், குழந்தையின் தலையைத் தடவுவதுபோல. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. பிறகு நிமிர்ந்து, எதிரே அருகருகே நின்ற தேர்சாவையும் செப்பையும் பார்த்தான். இருவர் முகத்திலும் ஒரே சந்தோஷம். அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. தேர்சா அதைப் பார்த்தாள். களைப்பு என்று நினைத்தாள்.

அந்த வருஷ முதல் பரிசு ஓர் இரட்டைக் கட்டில். வால்நட் மரம், தலைமாட்டில் செதுக்கிய பூ, ஸ்பிரிங் மெத்தை. வீட்டுக்கு வந்ததும் தேர்சா, “இதுலயே படு ஜோண்டி. உன் கட்டில்,” என்றாள்.

“வேணாம். இரும இரும அதுலயும் கரிய துப்பணுமா? காகிதம் பிரிக்காம முன்னறையில வை. வேணுங்கறவங்க படுப்பாங்க.”

“வேற யாரு படுக்கப்போறா?”

அன்று மாலை ஜோண்டி செப்பை மாடிக்கு அழைத்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னான். செப் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனான்.

போட்டி முடிந்த திங்களன்று, பந்தயம் வைத்த லீக்ஸையெல்லாம் பெரிய அண்டாவில் போட்டுச் சூப் காய்ச்சி ஊருக்கெல்லாம் ஊற்றுவது வழக்கம். தேர்சா ஒரு கிண்ணம் வாங்கி மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். தலையணையை நிமிர்த்தி, கரண்டியால் ஊட்டினாள்.

“என் லீக்ஸா?”

“உன்னோடதுதான்.”

“இனிக்குது. ரெண்டாம் பரிசு லீக்ஸுக்கு இந்த ருசி வராது.” சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சொன்னான்: “புள்ள, கிளப் சுவத்துல அந்தக் கடைசி விதி இருக்குல்ல. கன்னைவ்னு.”

தேர்சாவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

“நானும் அதத்தான் பண்ணேன். பாத்தேன். கண்ண மூடிக்கிட்டேன்.”

லீக்ஸ் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவள் பயந்தாள். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. “ஜோண்டி, நான் சொல்லிடறேன். உனக்காகத்தான் நானும் செப்பும்...”

“சொல்லாத. உன் வாயால கேட்டா எனக்குத் தாங்காது.” அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினான். “மருந்து குடிச்சா தூங்கிடுவேன்னு நினைச்ச. அன்னிக்குத் தூங்கல. அவன் உரவண்டி மாதிரி ஒண்ணத் தள்ளிக்கிட்டு வந்தான், நீயும் அவனும் படுதாவுக்குப் பின்னாடி போனத பாத்தேன். எவ்வளவு நேரம்! சிரிப்பு வேற கேட்டுது. நீ அப்படிச் சிரிச்சுக் கேட்டு எத்தன நாளாச்சு. தல அவுந்து, முழங்கால்ல மண்ணோட வந்த. கேட்டா அவன் வரவே இல்லன்ன.”

தேர்சா கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள்.

“கோவம் இருந்துச்சு. இல்லன்னு சொல்லமாட்டேன். அப்புறம் யோசிச்சேன். வருஷக் கணக்கா மூச்சு விடறதே எனக்குப் பெரும்பாடு. நீயும் மனுஷிதானே. அவனும் நல்லவன். நான் போனதும் அவனயே கட்டிக்க. அந்தக் கட்டில் உங்களுக்குத்தான். அதான் அதுல நான் படுக்கல. அவன்கிட்டயும் சொல்லிட்டேன், உன்னப் பாத்துக்கச் சொல்லி. மத்தத எதுவும் பேசல.”

ஒரே வாக்கியம் போதும். நாங்கள் லீக்ஸ் நட்டோம் ஜோண்டி. அது நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் கால்மாட்டுச் சுவரில் சிவப்பு அட்டை குத்தியிருந்தது: முதல் பரிசு, ஜே. ஹாலிமண்ட். பேசுகிறபோதெல்லாம் அவன் கண் நொடிக்கொருதரம் அங்கே போய்ப் போய் வந்தது. பசித்தவன் கண் அடுப்புக்குப் போவதுபோல.

சொன்னால் அவனுக்கு அட்டை போய்விடும். சொல்லாவிட்டால் பெண்டாட்டி போய்விடுவாள். இரண்டில் ஒன்றை இழந்துதான் அவன் சாகவேண்டும். எது இல்லாமல் அவனால் போகமுடியும் என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். பெண்டாட்டியை அவன் ஏற்கெனவே மன்னித்துவிட்டான். களவு லீக்ஸை மன்னிக்கமாட்டான். அவளைவிட அதை யார் அறிவார்?

“மன்னிச்சுடு ஜோண்டி,” என்றாள்.

“அது அப்பவே ஆச்சு புள்ள. சூப்ப குடு, ஆறிடப்போவுது.”

ஊட்டினாள். கிண்ணம் காலியானது. கீழே இறங்கி, பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் மாடிவரை கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். வேறு சத்தத்தை அது மறைக்கும்.

டாக்டர் சொன்ன கணக்குக்கு முன்பே ஜோண்டி போய்விட்டான். சவப்பெட்டியில் சிவப்பு அட்டையையும் வைக்கவேண்டும் என்று செப்தான் சொன்னான், வைத்தார்கள். கல்லறையிலிருந்து திரும்புகிற வழியில் செப் அவள் பக்கமாய்ச் சாய்ந்து, “நம்ம சூழ்ச்சி ஜெயிச்சுது இல்ல, தேர்சா? சந்தோஷமா போனான் இல்ல?” என்றான்.

“சந்தோஷமாத்தான் போனான்,” என்றாள் தேர்சா.

முன்னறையில் கட்டில் காகிதம் பிரிக்காமலே நின்றது. ஹெட்டி வந்து பார்த்துப் பார்த்து ஆற்றாமைப்பட்டாள். “ஏண்டி, ராணி படுக்கற கட்டில வெச்சுக்கிட்டு அந்தப் பழைய கட்டில் பள்ளத்துலயே கெடக்கறியே, உனக்கென்ன கிறுக்கா?”

“பள்ளம் பழகிடுச்சு ஹெட்டி.”

வசந்தத்தில் ஒருநாள் செப் கதவைத் தட்டினான். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு, ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் ஈரத் துணியில் சுற்றிய லீக்ஸ் நாற்று.

“உன் பாத்தி சும்மா கெடக்குதேன்னு...” என்று இழுத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஜோண்டி என்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போனான். உன்னப் பாத்துக்கணும்னு. நான் பேசத் தெரியாதவன். நீ சம்மதிச்சா, ஊரு அறிய, தேவாலயத்துல...” என்றான்.

தேர்சா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை. அதுதான் கஷ்டம். சரி என்றால் ஜோண்டி ஜன்னலிலிருந்து பார்த்தது உண்மையாகிவிடும். ஏன் முடியாது என்று சொன்னால், நாற்பது வருஷக் கூட்டாளி தன்னை என்னவென்று நினைத்துச் செத்தான் என்பது செப்புக்குத் தெரிந்துவிடும். தன் முதல் பரிசைத் தூக்கிக் கொடுத்தவனுக்கு அதுவா கூலி?

“முடியாது செப்.”

“நான் ஏதாச்சும் தப்பு பண்ணேனா?”

“நீ ஒண்ணும் பண்ணல.” அவள் நாற்றைப் பார்த்தாள். “நீயும் பண்ணல, நானும் பண்ணல.”

அவனுக்கு விளங்கவில்லை. தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்றைப் பின்கட்டுச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வேலிக்கு இப்பால் அவன் வந்ததில்லை.

அன்று மாலையே தேர்சா நாற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். குளிர்காலம் முழுக்க நனைந்து கறுத்த சாக்குப் படுதா இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுகளை அவிழ்த்து, கழற்றி, மடித்து, வேலியோரமாகப் போட்டாள். பிறகு முழங்காலிட்டு நாற்றை நட்டாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, மாடி ஜன்னல் நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் இப்போது பாத்தி முழுவதும், அவள் முழங்கால் பதிந்த இடம்வரை, மறைப்பில்லாமல் தெரியும். பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.